கறாரான பேராசிரியரிடம் அரசியல் அறிவியல் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் அரசியல் அறிவியல் எடுப்பவர்கள், அதுவும் கண்டிப்புக்குப் பேர்போன ஒருவரிடம் மாட்டிக்கொண்டதாக நினைப்பவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த வகுப்புகளில் மாணவனாக உட்கார்ந்திருக்கிறேன். பிறகு விடைத்தாள் திருத்தும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துத்தான் பதில்கள்.

சீனியர்கள் எல்லோரும் "அவர் கிளாஸ் வேண்டாம்" என்கிறார்கள். எடுக்கலாமா?

சீனியர்களிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "மார்க் போடுவாரா?" என்று கேட்டால் பயமுறுத்தும் பதில்தான் வரும். "திருத்திய தாளில் என்ன எழுதித் தருவார்?" என்று கேளுங்கள். ஓரங்களில் குறிப்பெழுதி, எந்த வாக்கியம் ஏன் நிற்கவில்லை என்று காட்டித் தருபவர் என்றால் தயங்காமல் சேருங்கள். மூன்று வருடப் படிப்பில் உங்கள் எழுத்தை வரி வரியாகப் படித்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கிடைப்பதே அரிது. வெறும் எண்ணை மட்டும் வட்டமிட்டுத் தருபவர் என்றால் அந்தக் கண்டிப்பால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே செமஸ்டரில் வேறு இரண்டு கனமான பாடங்கள் இருந்தால் இதை அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள். இந்தப் பாடம் தின்பது நேரத்தை. புத்திசாலித்தனத்தால் அந்த நேரத்தை ஈடுகட்ட முடியாது.

அரசியலில் எனக்கு ஆர்வம் அதிகம். தினமும் செய்தி படிக்கிறேன், விவாதம் பார்க்கிறேன். அது கைகொடுக்குமா?

ஆர்வம் கைகொடுக்கும். ஆனால் நிறையப் பேர் சறுக்குவதும் இங்கேதான். அரசியலைப் பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு. வேதியியல் வகுப்புக்கு யாரும் கருத்தோடு வருவதில்லை. அரசியல் அறிவியல் ஆசிரியர் முதல் வாரத்திலிருந்தே கறாராக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். கருத்தையும் வாதத்தையும் பிரித்துப் பார்க்க மாணவனைப் பழக்காவிட்டால் வகுப்பு டீக்கடைப் பேச்சாகிவிடும்.

ஓர் உதாரணம். 2015 பிரிட்டன் பொதுத்தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யுகிப் கட்சி 12.6 சதவீத வாக்குகள் பெற்று ஒரே ஓர் இடத்தில் வென்றது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 4.7 சதவீத வாக்குகளோடு 56 இடங்களை அள்ளியது. செய்தி படிப்பவர் இதைப் பார்த்து "என்ன அநியாயம்!" என்பார். வகுப்பில் வரும் கேள்வி வேறு: எந்த இயக்கம் இந்த முடிவைத் தந்தது? தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறையில், வாக்கின் அளவைவிட அது எங்கே குவிந்திருக்கிறது என்பது முக்கியம். யுகிப்பின் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் வாக்கு முழுவதும் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளுக்குள் இருந்தது. அடுத்த கேள்வி: இந்த முறை இரு கட்சி அமைப்பை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அரசியல் அறிவியலாளர் மோரிஸ் துவெர்ஜே 1950களின் தொடக்கத்தில் சொன்னாரே, 2015 முடிவு அதற்கு ஆதரவா, எதிரா? வட்டாரக் கட்சிகள் விஷயத்தில் அவர் விதி எங்கே வளைகிறது?

"அநியாயம்" என்பது தவறான பதில் என்று நான் சொல்லவில்லை. அது நியாயம் பற்றிய கேள்விக்கான பதில். உங்களிடம் கேட்டது காரணம் பற்றிய கேள்வி. இந்த இரண்டையும் கலக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வாரத்துக்கு நூறு, நூற்றைம்பது பக்கம் படிக்கச் சொல்கிறார். எல்லாவற்றையும் வரி விடாமல் படிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது. ஆய்வுக் கட்டுரை என்றால் முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படியுங்கள். ஆசிரியர் எந்தக் கேள்வியை எடுக்கிறார், யாருக்கு எதிராகப் பேசுகிறார், என்ன சான்று தருகிறார் என்று மூன்று வரி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அதன் பிறகு நடுப்பகுதிக்குப் போங்கள். எதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்று தெரிந்தால் வேகம் தானாகவே கூடும்.

அரசியல் கோட்பாட்டு மூலநூல் என்றால் கதை தலைகீழ். அங்கே பத்துப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். வாதம் ஒவ்வொரு வாக்கியத்திலும் நகரும். மேலோட்டமாகப் படித்தால் கையில் நிற்பது மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்த சுருக்கம் மட்டும்தான்.

ஹைலைட்டர் பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் முழுவதும் மஞ்சள் பூசிய பிரதியை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு முன்தினம் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதுவது அதைவிடப் பல மடங்கு பயன்படும்.

பழைய நூல்கள் சுத்தமாகப் புரியவில்லை. சுருக்கம் படித்தால் போதாதா?

போதாது. ஏன் என்பதை 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸை வைத்தே காட்டுகிறேன். அவருடைய 'லெவியத்தான்' 1651இல் வெளிவந்தது. மன்னர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. உள்நாட்டுப் போர் கண்ட இங்கிலாந்தை மனதில் வைத்து, பாரிஸில் தஞ்சம் புகுந்திருந்தபோது எழுதியது. எந்தச் சுருக்கத்தைத் திறந்தாலும் "மனிதன் இயல்பிலேயே தீயவன், ஆகவே வலுவான அரசு தேவை என்றார் ஹாப்ஸ்" என்று இருக்கும். மாணவர்களும் அதையே எழுதுவார்கள். கறாரான பேராசிரியர் அதன் கீழே சிவப்புக் கோடு போடுவார்.

13ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். தீமையிலிருந்து அவர் தொடங்கவே இல்லை. சமத்துவத்திலிருந்து தொடங்குகிறார். மிகப் பலவீனமானவனும் சூழ்ச்சியாலோ கூட்டுச் சேர்ந்தோ மிக வலியவனைக் கொன்றுவிட முடியும். அந்த அளவுக்கு மனிதர்கள் சமம். திறமை சமம் என்பதால் நம்பிக்கையும் சமம். இருவர் ஒரே பொருளை விரும்பினால் இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சண்டைக்கு மூன்று காரணங்கள் சொல்கிறார்: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. நடுவில் இருக்கும் அவநம்பிக்கையைக் கவனியுங்கள். உள்ளதே போதும் என்று இருப்பவன்கூட, அடுத்தவன் தாக்கிவிடுவானோ என்ற அச்சத்தில் முந்திக்கொண்டு தாக்க நேரிடும். அதாவது மோதலுக்குக் கெட்ட மனிதர்கள் தேவையில்லை. பொதுவான அதிகாரம் ஒன்று இல்லாத நிலைமையே போதும்.

இதைப் பிடித்துவிட்டால், அவருக்குப் பின் எழுதிய ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் எங்கே விலகுகிறார் என்பது தெளிவாகத் தெரியும். லாக்கின் இயற்கை நிலையில், அதாவது அரசு இல்லாத நிலையில், இயற்கைச் சட்டம் உண்டு. குறை என்னவென்றால் வழக்கைத் தீர்க்கப் பொதுவான நீதிபதி இல்லை, ஒவ்வொருவரும் தன் வழக்கில் தானே நீதிபதி. குறை சிறியது என்பதால் அதைத் தீர்க்க வரும் அரசின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. ஜெனீவாவில் பிறந்த தத்துவவாதி ரூசோ 1755இல் வந்து, நீங்கள் இருவரும் சமூகத்தில் வளர்ந்த மனிதனைக் கொண்டுபோய் இயற்கை நிலையில் நிறுத்திவிட்டீர்கள் என்கிற மாதிரிப் பேசுவதும் அப்போது புரியும். சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு இவர்கள் மூன்று தனித்தனிப் பெயர்கள். மூலத்தைப் படித்தவருக்கு இது ஒரே நீண்ட வழக்கு.

சுருக்கத்தைப் படிக்கவே கூடாது என்றில்லை. மூலத்தைப் படித்த பிறகு படியுங்கள். சுருக்கம் எதை விட்டுவிட்டது என்று கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி.

வகுப்பில் திடீரென்று பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்கிறார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஒவ்வொரு வாசிப்புக்கும் இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: ஆசிரியரின் மைய வாதம் ஒரு வாக்கியத்தில், உங்களுக்கு உறுத்திய ஓர் இடம் பக்க எண்ணோடு. பெயர் சொன்னதும் தாளைப் பார்த்தே பேசலாம், தவறில்லை. பக்க எண்ணைச் சொல்லி "இந்த இடத்தில் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை" என்பது முழுமையான பதில். படித்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய பதிலும் அதுதான்.

படிக்காமல் வந்திருந்தால் "இன்று படிக்கவில்லை சார்" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும். கேள்விமேல் கேள்வி கேட்பது இந்தத் துறையில் சாக்ரடீஸ் காலத்துப் பழக்கம். உங்களை மடக்குவதற்கென்று அவர் கண்டுபிடித்ததல்ல. பதில் சொன்ன பிறகும் "ஏன்?" என்று தொடர்ந்தால் பதில் தவறு என்று அர்த்தமில்லை. பல நேரம், பதில் சுவாரசியமாக இருப்பதால்தான் தோண்டுகிறார்.

நான் எழுதியது சரிதான். ஆனாலும் பாதி மதிப்பெண்தான் வந்திருக்கிறது. ஏன்?

அதிகம் வரும் புகார் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"அரசு என்றால் என்ன? வெபரின் வரையறையை விளக்குக" என்று கேள்வி. பெரும்பாலானோர் எழுதுவது: "வன்முறையில் ஏகபோக உரிமை உள்ள அமைப்பே அரசு என்றார் மாக்ஸ் வெபர்." கேட்டால் சரிதான் என்று தோன்றும். ஜெர்மானியச் சமூகவியலாளரான வெபர் 1919இல் மியூனிக் உரையில் சொன்னதன் சாரம் இது: குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள், முறையானதென ஏற்கப்பட்ட உடல்பலப் பிரயோகத்தின் மீது ஏகபோக உரிமையை வெற்றிகரமாகக் கோரும் மனிதச் சமூகம்.

மாணவரின் வாக்கியத்தில் எவை விடுபட்டன என்று பாருங்கள். "குறிப்பிட்ட நிலப்பரப்பு" இல்லை; அது இல்லாவிட்டால் அரசையும் எல்லையில்லாத ஒரு மத அமைப்பையும் எப்படிப் பிரிப்பது? "முறையானதென ஏற்கப்பட்ட" இல்லை. அது இல்லாவிட்டால் ஒரு பள்ளத்தாக்கையே மிரட்டி வைத்திருக்கும் கொள்ளைக் கூட்டமும் அரசாகிவிடும். "கோரும்" இல்லை. இதுதான் நுட்பமான இடம். எந்த அரசிலும் கொலையும் கொள்ளையும் நடக்கத்தான் செய்கின்றன. வன்முறை முழுவதும் அரசின் கையில் இருப்பதில்லை. யாருடைய வன்முறை செல்லும், யாருடையது குற்றம் என்று தீர்மானிக்கும் உரிமை தன்னுடையது என்று அரசு கோருகிறது, அந்தக் கோரிக்கை பெரும்பாலும் செல்லுபடியாகிறது. தந்தை பிள்ளையை அடிக்கலாமா, காவலாளி துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பதையெல்லாம் அரசே அனுமதிக்கிறது அல்லது தடுக்கிறது.

ஆக, நீங்கள் எழுதியது "சரி". ஆனால் வரையறையின் வேலையைச் செய்யும் சொற்களெல்லாம் வெளியே நிற்கின்றன. பாதி மதிப்பெண் போன இடம் அதுதான். அந்தச் சொற்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எவ்வளவு கறாரானவருக்கும் அங்கே பேனா நின்றுவிடும்.

கட்டுரையில் "வாதம் இல்லை" என்று எழுதித் தந்தார். நான் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேனே?

பத்துப் பக்கமும் தகவலாக இருந்திருக்கும். ஒரு நியாயமான ஆள் மறுத்துப் பேசக்கூடிய கூற்று ஒன்று முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஜனநாயகத்தில் தேர்தல் முக்கியமானது" என்பதை யார் மறுப்பார்?

நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கேயும் அப்போது தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறைதான். 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் தொழிற்கட்சி அதிக வாக்கு வாங்கியும் தேசியக் கட்சியே ஆட்சிக்கு வந்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் கட்சி இருபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி இரண்டு இடங்களோடு நின்றது. 1993இல் வாக்கெடுப்பு நடத்தி முறையை மாற்றினார்கள். 1996இல் முதல்முறையாகக் கலப்பு விகிதாச்சார முறையில் (தொகுதி உறுப்பினர்களும் உண்டு, ஆனால் கட்சிகளின் மொத்த இடங்கள் வாக்குச் சதவீதத்தை ஒட்டி அமையும்) தேர்தல் நடந்தது. இவ்வளவும் தகவல். இதை மூன்று பக்கம் விரித்தாலும் தகவல்தான்.

இப்போது ஒரு புதிரைப் பிடியுங்கள். பழைய முறையால் ஆதாயம் அடைந்தவை இரண்டு பெரிய கட்சிகள். ஆதாயம் தரும் முறையை யாராவது மாற்ற விடுவார்களா? முடிவுகள் கோணலாக வந்ததுதான் காரணம் என்றால், பிரிட்டனிலும் 1951இலும் 1974 பிப்ரவரியிலும் குறைவான வாக்கு பெற்ற கட்சி அதிக இடம் பெற்றது, அங்கே ஏன் மாறவில்லை? நியூசிலாந்திலேயே 1981இலிருந்து 1993வரை ஏன் காத்திருந்தது? இங்கிருந்து ஒரு கூற்று பிறக்கிறது: "கோணலான முடிவுகள் மட்டும் தேர்தல் முறையை மாற்றுவதில்லை, நியூசிலாந்தில், 1980களின் பொருளாதாரச் சீர்திருத்தங்களால் இரு பெரிய கட்சிகள் மீதும் ஒரே காலத்தில் எழுந்த அவநம்பிக்கையே மாற்றத்தைச் சாத்தியமாக்கியது." இதை மறுக்கலாம். சான்று தேடலாம். ஒப்பிட்டுச் சோதிக்கலாம். அதனால் இது வாதம்.

எழுதி முடித்தபின் ஒரு பத்தியாவது எதிர்த்தரப்புக்குக் கொடுங்கள், அதுவும் அவர்களுடைய பலமான வடிவத்தில். எளிதில் விழக்கூடிய பொம்மையை நிறுத்தி அடித்துக் காட்டினால் அனுபவமுள்ள பேராசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அவருடைய அரசியல் சார்பு எனக்கு நேரெதிர். மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாரோ?

அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து அவர் கருத்தையே திருப்பி எழுதாதீர்கள். முதலில், அவருடைய சார்பு பற்றிய உங்கள் ஊகம் தப்பாக இருக்கலாம். ஒரு தரப்பை வலுவாக எடுத்துப் பேசிக் காட்டுவது கற்பிக்கும் உத்தி, பலரும் அடுத்த வாரமே மறுதரப்பை அதே வலுவோடு பேசுவார்கள். இரண்டாவது, ஒருவர் தன் சொந்த நிலைப்பாட்டை ஆதரித்து எழுதிய கட்டுரையில்தான் ஓட்டைகளை வேகமாகப் பார்ப்பார். அந்த வாதங்களை அவர் வருடக்கணக்காக அரைத்தவர்.

உங்கள் கருத்தையே எழுதுங்கள். அதற்கு அவருடைய மிகக் கடினமான கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசித்து, அதற்கும் பதில் எழுதுங்கள்.

கறார் எது, அநியாயம் எது? எங்கே கோடு போடுவது?

விதி முன்கூட்டியே சொல்லப்பட்டதா, எல்லோருக்கும் ஒன்றா, கேட்டால் காரணம் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், எவ்வளவு வலித்தாலும் அது கறார். உங்கள் வாதத்தை வகுப்பின் நடுவில் கிழித்துப் போடுவது அவர் வேலையின் ஒரு பகுதி.

உங்களையே, உங்கள் பிறப்பை, மொழியை, உருவத்தை, பாலினத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது கண்டிப்பின் எந்த வகையிலும் சேராது. அதைப் பொறுத்துப் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் உடனிருந்தார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். நம்பிக்கையான வேறோர் ஆசிரியரிடம் பேசுங்கள். துறைத் தலைவருக்கோ கல்லூரியின் புகார்க் குழுவுக்கோ எழுத்தில் கொடுங்கள். "நல்லதுக்குத்தான் திட்டுகிறார்" என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

எண்கள், அட்டவணைகள் வரும் கட்டுரைகளைக் கண்டாலே பயமாக இருக்கிறது.

சூத்திரங்களைத் தாண்டிச் செல்லலாம். அளவிடுதலைத் தாண்டிச் செல்லக் கூடாது. எதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஜனநாயகத்தையே ஓர் அமைப்பு மூன்று வகையாகப் பிரிக்கும். பாலிட்டி தரவுத்தொகுப்பு மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை அளக்கும். அளவுகோல் மாறினால் முடிவும் மாறலாம்.

இரண்டாவது கேள்வி, காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. வளமான நாடுகளில் ஜனநாயகம் அதிகம் காணப்படுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் லிப்செட் 1959இல் காட்டினார். வளம் ஜனநாயகத்தைப் பிறப்பிக்கிறது என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அரசியல் அறிவியலாளர்கள் ஷெவோர்ஸ்கியும் லிமோங்கியும் 1997இல் ஒரு நுட்பமான கேள்வியைப் போட்டார்கள்: பிறப்பிக்கிறதா, அல்லது எந்தக் காரணத்தாலோ பிறந்த ஜனநாயகத்தை வளம் சாகாமல் காப்பாற்றுகிறதா? இரண்டு வழியிலும் கடைசியில் படம் ஒன்றுபோலத்தான் தெரியும்: வளமான நாடுகளில் ஜனநாயகங்கள் சேர்ந்திருக்கும். அவர்கள் இரண்டாவதன் பக்கம் நின்றார்கள். 2003இல் போயிஷும் ஸ்டோக்ஸும் முதலாவதும் உண்மைதான் என்று மறுத்து வந்தார்கள். இந்தச் சண்டையைப் பின்தொடர உங்களுக்குத் தேவை கவனம்; கணிதம் பிறகு வரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா? மேற்கோள்களை இணையத்திலிருந்து எடுக்கலாமா?

கருவி விஷயத்தில் அந்தப் பாடத்தின் விதி என்னவோ அதுதான் விதி. பாடத்திட்டத் தாளில் தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

மேற்கோளில் மட்டும் என்னிடம் சமரசம் கிடையாது. மூலத்தைத் திறந்து கண்ணால் பார்க்காத மேற்கோளை எழுதாதீர்கள். "இலக்கு வழியை நியாயப்படுத்தும்" என்று மாக்கியவெல்லி எழுதியதாக ஊரே சொல்கிறது; 'இளவரசன்' நூலில் அந்த வாக்கியம் கிடையாது. ஆட்சியாளரின் செயல்களை மக்கள் விளைவைப் பார்த்தே எடைபோடுவார்கள் என்ற பொருளில் 18ஆம் அத்தியாயத்தில் ஓர் இடம் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. "உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பது வோல்டேர் வாக்கு என்று எழுதுவார்கள். அது அவரைப் பற்றி எவலின் பியாட்ரிஸ் ஹால் 1906இல் வெளியிட்ட நூலில், அவர் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்ல எழுதிய வரி. இந்த மாதிரி ஒன்று உங்கள் கட்டுரையில் மாட்டினால் மற்ற பக்கங்களின் மேலும் சந்தேகம் விழும்.

பாட நூல்கள் எனக்குப் பழக்கமில்லாத மொழியில் இருக்கின்றன. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுப்பது எனக்கு மூன்று மணி.

முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். இந்தத் துறையின் கலைச்சொற்கள் ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வருபவை. தனி நோட்டில் சொல், எளிய பொருள், அது வந்த வாக்கியம் என்று எழுதிக்கொண்டே போங்கள். யோசிப்பதை உங்கள் மொழியிலேயே செய்யுங்கள். வாதத்தின் எலும்புக்கூட்டைத் தாய்மொழியில் எழுதிவிட்டு, பிறகு கட்டுரை மொழிக்குப் போனால் வாக்கியம் எளிமையாகவும் நேராகவும் வரும். கறாரான பேராசிரியருக்கு அலங்காரமான நடையைவிட அதுவே பிடிக்கும். நிலைமையை முதல் வாரத்திலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சலுகை கேட்டு அல்ல, எந்த வாசிப்பை முதலில் முடிக்க வேண்டும் என்று கேட்டு.

அவர் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

போங்கள். வகுப்பில் இடி மாதிரி முழங்குபவர்கள் அறையில் பொறுமையாகப் பேசுவதை அடிக்கடி பார்க்கலாம். அங்கே நாற்பது பேரைக் கட்டி மேய்க்கும் வேலை இல்லை. "எதுவும் புரியவில்லை" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். "இந்தப் பத்தியை இப்படிப் புரிந்துகொண்டேன், ஆனால் 40ஆம் பக்கத்தோடு இது மோதுகிறது" என்று போங்கள். கட்டுரை எழுதும் முன் உங்கள் மையக் கூற்றை மட்டும் ஒரே வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். ஐந்து நிமிட உரையாடலில் ஒரு வார வேலை மிச்சமாகும்.

டெட்லைனைத் தள்ளித் தருவாரா?

கடைசி இரவில் கேட்டால் மாட்டார். உண்மையான காரணம் இருந்தால், தெரிந்த அன்றே, இரண்டே வரியில் எழுதிக் கேளுங்கள்.

முதல் தாளில் மிக மோசமான மதிப்பெண். பாடத்தை விட்டு விலகிவிடலாமா?

ஒரு தாளை வைத்து முடிவெடுக்காதீர்கள். கறாரானவர்கள் முதல் தாளை இறுக்கித் திருத்துவது வழக்கம். குறிப்புகளை வகைபிரியுங்கள்: வாசிப்பில் பிழையா, வாதம் இல்லையா, சான்று போதவில்லையா, மொழியா? ஒரே வகைக் குறிப்பு திரும்பத் திரும்ப வந்திருந்தால் நல்ல செய்தி. சரிசெய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டாவது தாளில் அந்த ஒன்றை மட்டும் குறிவைத்து எழுதுங்கள்.

விலகக் கடைசித் தேதி எது, விலகினால் பதிவேட்டில் என்ன வரும், உதவித்தொகையைப் பாதிக்குமா என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, மற்ற பாடங்களும் சரியத் தொடங்கினால் விலகுவதில் எந்த வெட்கமும் இல்லை.

மதிப்பெண்ணை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். தாள் கைக்கு வந்த அன்று கேட்காதீர்கள். ஒருநாள் கழித்து, அவர் குறிப்பையும் உங்கள் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இடத்தில் உடன்படவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். "நிறைய உழைத்தேன்" என்பது மதிப்பீட்டுக்கான காரணம் ஆகாது. மறுபார்வையில் மதிப்பெண் குறையவும் கூடும் என்று சில இடங்களில் விதி உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இறுதித் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

ஆசிரியர்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று வரைந்து பாருங்கள். அதிகாரம் என்ற தலைப்பை எடுத்தால், 1957இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் டால் சொன்னது: ஏ, பி என்று இருவர் இருந்து, இல்லாவிட்டால் பி செய்திருக்காத ஒன்றை ஏ அவரைச் செய்ய வைத்தால், அந்த அளவுக்கு பி மீது ஏவுக்கு அதிகாரம். 1962இல் பக்ராக்கும் பாராட்சும் குறுக்கே வந்தார்கள்: ஒரு பிரச்சினை விவாதத்துக்கே வராமல் தடுப்பதும் அதிகாரம்தானே, அதை எப்படிப் பார்ப்பீர்கள்? 1974இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி போனார்: மனிதர்களின் விருப்பத்தையே வடிவமைத்து, குறை இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாமல் செய்துவிட்டால்? இந்தத் தொடரைப் பிடித்தால் மூன்று வாசிப்பும் சேர்ந்து மனதில் நிற்கும். "எதை ஏற்கிறீர்கள், ஏன்?" என்று கேள்வி வந்தாலும் எழுத இடம் இருக்கும். லூக்ஸுக்கு எதிராகவும் ஒரு கேள்வியைத் தயாராக வையுங்கள்: ஒருவரின் உண்மையான நலன் அவருக்கே தெரியவில்லை என்று சொல்ல நாம் யார்?

நண்பர்களோடு சேர்ந்து படிப்பதென்றால் ஆளுக்கொரு தரப்பை எடுத்து வாதிடுங்கள். நோட்ஸைப் பங்கு போட்டுக்கொள்வதைவிட அது பலன் தரும்.

பாடம் முடிந்த பிறகு அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாமா? முதல் வகுப்பு மதிப்பெண்கூட வரவில்லை.

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அள்ளிக் கொடுக்காதவர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை நீங்கள் எப்படி ஏறி வந்தீர்கள் என்று எழுத அவரால்தான் முடியும். "எனக்கு வலுவாக எழுத முடியுமா?" என்றே கேளுங்கள், தயங்கினால் நன்றி சொல்லி வேறொருவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டால் அவருடைய குறிப்புகளோடு உங்கள் பழைய கட்டுரைகள், விண்ணப்பிக்கும் படிப்பின் விவரம், கடைசித் தேதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.